என் தப்பு எனக்கு வேண்டும்

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் உடைத்தவன் நான்தான். கண்ணாடி டம்ளர், டிவி ரிமோட், குளியலறைத் தாழ்ப்பாள், மாமனார் வாங்கிக் கொடுத்த சுவர்க்கடிகாரம், எல்லாம் என் கைவரிசை. நான் எதையுமே உடைத்ததில்லை என்று சொல்ல வரவில்லை. உடைத்திருக்கிறேன். ஆனால் குடிகாரன் இருக்கும் வீட்டில் வேறு யார் கையும் தவறுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? பூனை பாலைத் தட்டிவிட்டால்கூடப் பூனை தப்பித்துவிடும். காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "இது எப்படி உடைஞ்சுது?" என்று கேட்பேன். "எப்படியா? நேத்து நீங்க ஆடின ஆட்டத்துக்கு வீடே உடையாம இருந்ததே பெருசு" என்பாள் மனைவி. நான் ஒன்றும் பேசாமல் துடைப்பத்தை எடுத்துக் கூட்டுவேன்.

பேசுவதற்கு என்ன இருந்தது? எனக்கு நேற்று என்பதே கிடையாது. குடி முற்றிப்போனவனுக்கு இப்படி ஒரு நிலை வரும். விழுந்து கிடப்பதைச் சொல்லவில்லை. நடப்பான், பேசுவான், சண்டை போடுவான், சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடுவான். மறுநாள் அதில் ஒன்றும் தலைக்குள் இருக்காது. மத்தியானத்திலிருந்து ராத்திரி வரைக்கும் யாரோ கத்தரித்து எடுத்துப் போன மாதிரி வெறும் ஓட்டை. அந்த ஓட்டையை மற்றவர்கள்தான் அடைத்துத் தருவார்கள். நீ பாடினாய் என்றால் பாடினேன். நீ சூப்பர்வைசர் சட்டையைப் பிடித்தாய் என்றால் பிடித்தேன். நான் எப்படிப்பட்டவன் என்பதை நான் பிறத்தியாரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வேலை செய்யும் இடத்திலும் இதே கதைதான். பெரிய சலவை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்ததை ஆவியில் சூடேறிய நீளமான ரோலரில் கொடுத்தால், அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வெளியே வரும். ரோலருக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை நானும் மறுமுனையை ரோலர் அக்காவும் பிடித்து, ஒரே இழுப்பில் விறைப்பாக்கிக் கொடுப்போம். ரோலர் அக்கா என்பது அங்கே எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர். எனக்கு வைத்த பெயர் தண்ணிவண்டி. குடியை நான் விட்டுவிட்டேன், அந்தப் பெயர் என்னை விடவில்லை. புதிதாகச் சேர்கிறவர்கள் நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொள்கிற ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

இதெல்லாம் போகட்டும். டம்ளரும் கடிகாரமும் என்ன பெரிய விஷயம்? நான் சொல்ல வந்தது என் மகளின் கையைப் பற்றி.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு சாயங்காலம் பின்னறையில் கண் விழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டு. பக்கத்தில் என் மனைவி, அழுது ஓய்ந்த முகத்தோடு. வாசற்படியில் அவளுடைய அண்ணன், என் மச்சான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

மனைவி என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "மாடிப்படில நின்னுட்டிருந்த குழந்தைய நீங்கதான் தள்ளி விட்டீங்க."

கட்டைப் பிரித்தபோது முழங்கை நேராக நிமிரவில்லை. இன்றைக்கும் நிமிராது. அந்தக் கை எப்போதும் எதையோ இடுப்பில் ஏந்தி வருகிற மாதிரி கொஞ்சம் மடங்கியே இருக்கும்.

அந்த வாரமே மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார். அதற்கு முன்பு அங்கிருந்து சுவர் ஏறிக் குதித்து ஓடி வந்தவன் நான். இந்தத் தடவை ஓடவில்லை. உடம்பு உதறியது, சுவரில் பூச்சி ஊர்ந்தது, படுக்கையோடு கட்டிப் போட்டார்கள், ஓடவில்லை. கண்ணை மூடினால் மாவுக்கட்டு தெரிந்தது. ஒரு குழந்தையைப் படியிலிருந்து தள்ளிய கைக்கு இதெல்லாம் வேண்டியதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்த பிறகு ஒரு சொட்டு தொடவில்லை. என் வாழ்க்கையில் நானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரியம் இருந்தது என்றால் அது இதுதான்.

மச்சான் அப்போதுதான் பஸ் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்திருந்தார். இப்போது டெப்போவில் பெரிய ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் மையத்தில் சேவை செய்கிறார். சேவை என்றால், புதிதாக வந்த குடிகாரர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் ஹாலில் உட்காரவைத்து, மைக்கைப் பிடித்து, என்னைக் காட்டுவது. "இதோ நிக்கறாரே எங்க மாப்பிள்ளை, இவரைக் கழுவித் துடைச்சு மனுஷனாக்கினவன் நான்" என்று ஆரம்பிப்பார். சலவைக்காரனைக் கழுவியதாக என் எதிரிலேயே சொல்லுவார், நானும் தலையாட்டுவேன். பிறகு மைக் என் கைக்கு வரும். "என் மகளின் கையை உடைத்தவன் நான்" என்பது என் முதல் வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு கொஞ்சம் நிறுத்த வேண்டும் என்பது அவர் சொல்லிக் கொடுத்தது. "அங்க நிறுத்து மாப்ளே. அவங்க மூச்சு விடட்டும். அப்புறம் படியச் சொல்லு."

படியைச் சொல்லுவேன். அவள் போட்டிருந்த மஞ்சள் கவுனைச் சொல்லுவேன். நான் கையை நீட்டியது, அவள் திரும்பி என்னைப் பார்த்தது, ஒற்றைச் செருப்பு படிப்படியாக உருண்டு போனது. முதல் தடவை பேசும்போது இதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. பேசப் பேச ஒவ்வொன்றாக வந்தது. பிறகு தூக்கத்திலும் வந்தது. செருப்பு விழுந்த சத்தம் என் காதில் கேட்கும்.

குடியை விட்டவனுக்குப் பசி திரும்பி வரும், தூக்கம் திரும்பி வரும். கோபம் மட்டும் வரக்கூடாது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று குரலை ஒரு படி உயர்த்தினால் போதும், மனைவி எதையோ எடுக்க வருகிறவள் மாதிரி பக்கத்தில் வந்து குனிந்து மூச்சை இழுப்பாள். மாமியார் வந்திருந்தால் சாவிக்கொத்தை எடுத்து மடியில் செருகிக்கொள்வாள். குடிக்காதவன் கத்தினால் அவனுக்குக் கோபம். நான் கத்தினால் எனக்குப் போதை. அதனால் நான் கோபப்படுவதையே விட்டிருந்தேன். எல்லோரும் என்னைப் பசு என்றார்கள். கயிறு இவர்கள் கையில் இருக்கும்போது பசுதான்.

இந்தக் கூட்டங்களுக்கு என் மகளை யாரும் அழைத்து வந்ததில்லை. வீட்டிலும் அவள் கையைப் பற்றிப் பேசியதில்லை. நான் பேசத் துணியவில்லை, மற்றவர்கள் பேச விரும்பவில்லை. அவள் கல்லூரிக்குப் போகும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். இந்த வருஷம் மையத்தில் ஆண்டு விழா. மச்சான் வீட்டுக்கு வந்து, "நீயும் வரணும்மா. அப்பா பேசி முடிச்சதும் மேடையேறி அவர் பக்கத்துல நிக்கணும். பாக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்ல?" என்று அவளிடம் சொன்னார். என்ன தைரியம் என்கிறீர்களா? தைரியமே இல்லை. சொல்லிச் சொல்லி அந்தக் கதை அவருக்கே உண்மையாகிப் போயிருந்தது. பொய் சொன்னவரே அதை மறந்துவிட்டார். அதுதான் அவர்கள் செய்த பெரிய தவறு.

விழாவில் முதல் வரிசையில் அவளும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக்கை வாங்கினேன். முதல் வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தினேன். ஹால் மூச்சு விட்டது. படிக்கு வந்தேன், மஞ்சள் கவுனுக்கு வந்தேன். செருப்பு உருளும்போது என் மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். பெண் தாங்க முடியாமல் அழப்போகிறாள் என்று ஹாலே கண்ணைத் துடைத்துக்கொண்டது. மச்சானும் துடைத்துக்கொண்டார். மனைவி மட்டும் துடைக்கவில்லை. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

நான் வெளியே போனபோது மகள் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தாள். அழவில்லை.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"எதம்மா?"

"என்னைத் தள்ளி விட்டேன்னு."

"நடந்ததத்தானம்மா சொன்னேன். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு எத்தனையோ தடவை..."

"நான் மாமா வண்டிலேர்ந்து விழுந்தேம்ப்பா."

எனக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவையும் அதையே சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்து மாமா வண்டியில் கூட்டி வந்தார், முன்னால் டேங்கில் உட்காரவைத்திருந்தார், வளைவில் ஜல்லி கொட்டிக் கிடந்தது, வண்டி சறுக்கியது, அவள் கை வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

"உனக்கு அப்ப அஞ்சு வயசும்மா. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது?"

"எனக்கா ஞாபகம் இருக்காது?" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

"இல்லம்மா, நான் பாத்தேன். நீ மஞ்சள் கவுன் போட்டிருந்தே. செருப்பு ஒண்ணு..."

"அன்னிக்கு ஸ்கூல்ப்பா. நான் யூனிஃபார்ம்ல இருந்தேன். ஆஸ்பத்திரில அதைக் கத்திரிக்கோலால வெட்டித்தான் எடுத்தாங்க. என்கிட்ட மஞ்சள் கவுனே இருந்ததில்ல."

நான் அங்கே இருந்த ஏதோ ஒரு வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் விடவில்லை. "உங்களுக்குத் தெரியும்னுதான் இத்தனை நாளும் நெனச்சிட்டிருந்தேன். நீங்க என் இந்தக் கையைப் பாக்கவே மாட்டீங்க. ரோடு கிராஸ் பண்றப்பகூட இந்தப் பக்கம் சுத்தி வந்து அந்தக் கையைத்தான் பிடிப்பீங்க. கோணலா இருக்கு, அப்பாவுக்கு அருவருப்பா இருக்குன்னு நெனச்சேன். கண்ணாடி முன்னாடி நின்னு இதை நிமித்தி நிமித்திப் பாத்து அழுதிருக்கேன், தெரியுமா?"

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கொலைக் குற்றவாளியைக் கூப்பிட்டு, போ, நீ செய்யவில்லை என்று சொன்ன மாதிரி இருந்திருக்க வேண்டும். நிம்மதி வரவில்லை. உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறி வந்தது. வருஷக்கணக்காக நான் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்தோம். மச்சானும் விழாவில் போட்ட மாலையோடு பின்னாலேயே வந்தார், சாப்பிட. மனைவி சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மகள் தன் அறைக் கதவோரம் நின்றாள்.

"குழந்தை எதுலேர்ந்து விழுந்தா?" என்று கேட்டேன்.

மச்சான் மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"கேக்கறேன்ல? எதுலேர்ந்து விழுந்தா?" வீடு அதிரக் கத்தினேன். கத்தியது நான்தான், சந்தேகமே வேண்டாம், ஒவ்வொரு எழுத்தும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? பழக்க தோஷத்தில் கிட்ட வந்து, குனிந்து, மூச்சை இழுத்தாள்.

நான் வாயைத் திறந்து காட்டினேன். "மோந்து பாரு. நல்லாப் பாரு. அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டு. ஒண்ணும் இல்ல. இது வெறும் கோவம். மனுஷனுக்கு வர்ற கோவம்."

"மாப்ளே, உக்காரு. ரத்தக் கொதிப்பு வந்துடப் போகுது" என்றார் மச்சான். "பழசையெல்லாம் கிளறினா யாருக்கு லாபம்? அன்னிக்கு என் நிலைமை உனக்குத் தெரியும். புதுசா டிரைவர் வேலை. சொந்தத் தங்கச்சி குழந்தையக் கீழ போட்டவன்னு தெரிஞ்சா பஸ்ஸக் குடுப்பானா? உனக்கு என்ன, ஏற்கெனவே கெட்ட பேரு. ஒரு கெட்ட பேருக்கு மேல இன்னொரு கெட்ட பேரு. அதுல என்ன கொறஞ்சு போச்சு? அந்தக் கெட்ட பேராலதான இன்னிக்கு நல்ல பேரு வாங்கியிருக்கே?"

முழுகினவனுக்கு முழம் என்ன, சாண் என்ன என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். முழுகினவனைக் கேட்டுவிட்டா சொல்கிறார்கள்? கரையில் நின்று சொல்கிறார்கள்.

நான் மச்சானோடு பேசவில்லை. என் மனைவியைப் பார்த்தேன். அவள் இப்போது பயப்படவில்லை. அவளுக்கும் கோபம் வந்துவிட்டிருந்தது.

"ஆமா, பொய்தான் சொன்னேன்" என்றாள். "அன்னிக்கு உங்களுக்கு லீவு. குழந்தைய நீங்க போய்க் கூட்டிட்டு வரணும். காலைல வாசல்ல அவகிட்ட சத்தியம் பண்ணீங்க. மத்தியானம் பின்ரூம்ல வாயில ஈ மொய்க்கக் கெடந்தீங்க. நான் வேலை செய்யற எடத்துலேர்ந்து வர முடியாம அண்ணனுக்கு போன் பண்ணினேன். நீங்க போயிருந்தா அவ விழுந்திருப்பாளா?"

"போயிருந்தா விழுந்திருக்க மாட்டா. அது என் தப்பு. அதைச் சொல்லியிருக்கலாமே? போகலைன்னு சொல்லியிருக்கலாமே? ஏன் தள்ளினேன்னு சொன்னே?"

"சொல்லலையா? போகல, வரல, பண்ணலன்னு எத்தனை சொல்லியிருப்பேன். என் தாலி மேல சத்தியம், உங்க அம்மா மேல சத்தியம், எல்லாம் பாத்தாச்சு. நான் சொன்ன ஆயிரம் நெஜம் உங்களை நிறுத்தல. ஒரு பொய் நிறுத்துச்சு." அவள் சோற்றுக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டாள். "அன்னிக்கு அதைச் சொன்னதும் உங்க மூஞ்சில ஒண்ணு பாத்தேன். அதுவரைக்கும் பாத்ததில்ல. இதை விட்டுடாதடின்னு எனக்குத் தோணுச்சு. விடல. அதுக்கு என்னைத் தூக்குல போடுங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இருக்கிறது என்பதுதான் என்னை இன்னும் எரித்தது. அவள் பட்ட பாட்டை நான் இல்லையென்று சொல்ல முடியாது. பட்டதற்கு அவள் என் சட்டையைப் பிடித்து உலுக்கட்டும், செருப்பால் அடிக்கட்டும், நான் வாங்கிக்கொள்வேன். ஆனால் குடியை விட்டதாவது நான் செய்த காரியம் என்று நான் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேனே, அதுவும் என்னுடையது இல்லை. அவள் ஒரு பொய்யால் கட்டிப் போட்டாள், நான் கட்டுக்குள் கிடந்தேன். அப்படியானால் இத்தனை வருஷமும் குடிக்காமல் இருந்தவன் யார்? மஞ்சள் கவுன் போட்ட குழந்தையைத் தள்ளியவன் திருந்தினான். அப்படி ஒருவனே கிடையாது. இல்லாதவன் செய்த பாவத்துக்கு நான் அழுதேன், இல்லாதவன் திருந்தியதற்கு மாலை போட்டுக்கொண்டேன்.

"நான் செஞ்ச தப்பு எவ்வளவோ இருக்கு" என்றேன். "அத்தனையும் எனக்குக் குடு. ஒண்ணு விடாம குடு. நான் சுமக்கறேன். ஆனா என் தப்புதான் எனக்கு வேணும். உங்க அண்ணன் தப்பு எனக்கு வேணாம்."

"கொஞ்சம் தூங்கி எழுந்திரு மாப்ளே" என்றார் மச்சான். சோற்றுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் கடைக்குப் போனேனா என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். வெளியே போனேன். கடை இருக்கிற தெருவில்தான் நடந்தேன், ஏனென்றால் என் மனைவி ஜன்னலில் நின்று நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடை வாசலைத் தாண்டிப் போனேன், திரும்பி வரும்போதும் தாண்டி வந்தேன். குடிக்க ஆசை வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நாக்கு வறண்டது. ஆனால் குடித்தால் நாளைக் காலையில் இந்தக் கோபம் எனக்கு ஞாபகம் இருக்காது. நேற்று நீ இப்படிக் கத்தினாய், அப்படி அடித்தாய் என்று அவர்கள் மறுபடியும் எனக்குச் சொல்லித் தருவார்கள். அதற்கு நான் தயாராக இல்லை. இதுதான் நான் முதல் முறையாக எனக்காகவே குடிக்காமல் இருந்த நாள்.

மறுநாள் ரோலரில் நான் இழுத்த இழுப்பில் விரிப்பு ஒன்று நடுவில் கிழிந்தது. ரோலர் அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"என்னடா, மாடு கயித்த இழுக்கற மாதிரி இழுக்கறே? யார் மேல கோவம்?"

அவள் மோந்து பார்க்கவில்லை. கோபமா என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கிழிந்த விரிப்பைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். பிறகு, "ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?" என்றாள்.

"சொல்லு."

"அந்த ஓட்டல் மேனேஜரோட கம்பளிக் கோட்டு. சுருங்கி, சின்னப் பையன் சட்டை மாதிரி ஆச்சே, ஞாபகம் இருக்கா? அது நீ இல்ல. நான்தான் வெந்நீர்ல போட்டேன். நீ அப்ப மூட்டை மேல தூங்கிட்டிருந்தே." கையைப் பிசைந்தாள். "உன்கிட்ட கேட்டாங்க. நீயே, நான்தான் போட்டிருப்பேன்னு சொல்லிட்டே. நான் சும்மா இருந்துட்டேன்."

அவளையும் நன்றாகத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "திட்டு, திட்டு, எனக்கு வேண்டியதுதான்" என்று கேட்டுக்கொண்டாள். முடித்ததும், "இப்ப புடி, மூட்டை நிக்குது" என்று அடுத்த விரிப்பை எடுத்துக் கொடுத்தாள். எங்களுக்குள் அதோடு சரியாகிவிட்டது. அதற்குக் காரணம், அவள் தன் தப்பைத் தன் வாயால் சொன்னாள். இவ்வளவுதான் நான் கேட்கிறேன், இதற்கு வீட்டில் ஆளில்லை.

சனிக்கிழமை மச்சான் போன் செய்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி. "நாளைக்குப் புது ஆளுங்க நிறைய வர்றாங்க மாப்ளே. பத்து மணிக்கு வந்துடு."

"வர்றேன்" என்றேன். "நான் செஞ்சதை நான் சொல்றேன். கை எப்படி உடைஞ்சுதுன்னு நீங்க சொல்லுங்க. மைக்கை ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பிடிச்சுக்கலாம்."

போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "உனக்கு உடம்பு சரியில்ல. ரெஸ்ட் எடு" என்று வைத்துவிட்டார். அந்த ஞாயிறு மேடையில் எனக்குப் பதில் வேறு ஒருவனை ஏற்றினார் என்று கேள்விப்பட்டேன். நான் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டதாக அங்கே பேச்சு இருக்கிறதாம். யார் கிளப்பியது என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் நானும் மகளும்தான் இருந்தோம். அவள் சமையலறை மேஜையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மடங்கிய கையால் வெங்காயத்தை அழுத்திப் பிடித்து, வலது கையால் வேகமாக நறுக்கினாள். நான் எதிரே உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே தையல் போட்ட தழும்பு இருந்தது. அப்படி ஒரு தழும்பு இருப்பதே எனக்கு இதுவரை தெரியாது.

"என்ன பாக்கறீங்க?"

"கையைத்தான்."

"பாருங்க" என்று நீட்டினாள். தொட்டுப் பார்த்தேன். எலும்பு ஒரு இடத்தில் முடிச்சு விழுந்த மாதிரி இருந்தது.

"நான் உடைக்கலம்மா" என்றேன். யாரிடமாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

"இல்ல. நீங்க உடைக்கல." அவள் கையை இழுத்துக்கொண்டாள். "அதனால நீங்க நல்ல அப்பான்னு ஆயிடாது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்க தப்பு உங்களுக்கு வேணும்னு அம்மாகிட்ட கத்தினீங்கல்ல? என்கிட்ட ஒண்ணு இருக்கு, வாங்கிக்குங்க. அன்னிக்கு ஸ்கூல் விட்டுது. எல்லாரையும் யாராவது வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. மிஸ் கேட்டாங்க, உனக்கு யாரு வருவான்னு. எங்க அப்பா வருவாருன்னு சொன்னேன். வாட்ச்மேன் அவரோட ஸ்டூலைக் குடுத்தாரு, கேட்டுக்கு உள்ள நிழல்ல. நான் உக்காரல. அங்க உக்காந்தா ரோட்டுலேர்ந்து பாத்தா தெரியாது. நீங்க வந்து என்னைக் காணும்னு திரும்பிப் போயிடுவீங்கன்னு வெயில்லயே நின்னேன். கடைசில மாமா வந்தாரு. போக மாட்டேன்னு அழுதேன். அப்பா வருவாரு, அப்பா வருவாருன்னு. அவர் தூக்கி முன்னாடி உக்காரவச்சுட்டாரு. வண்டி போகப் போக நான் திரும்பித் திரும்பி கேட்டையே பாத்துட்டிருந்தேன். ஆடாதே ஆடாதேன்னு மாமா கத்தினாரு. வளைவுல நான் திரும்பினப்பதான் வண்டி சாஞ்சுது."

வெங்காயத்தால் அவள் கண் சிவந்திருந்தது. ஆனால் அந்தக் குரல் வெங்காயத்தால் வந்தது அல்ல.

"மாமா மேல எனக்குக் கோவம் இல்லப்பா. அவரு வந்தாரு. நீங்க வரல."

அந்த நாளை நான் எவ்வளவு துழாவினாலும் எனக்கு ஒன்றும் கிடைக்காது. கேட் கிடைக்காது, வெயில் கிடைக்காது, நான் பின்னறையில் கிடந்ததுகூடக் கிடைக்காது. ஆனாலும் இது என்னுடையதுதான் என்று எனக்குத் தெரிந்தது. மேடையில் கண்ணீரோடு சொன்ன பொய்யைவிட இது சின்னதாக இருந்தது, அதைவிட மோசமாகவும் இருந்தது. அவள் என் மேல் கோபப்பட்டாள். நான் செய்ததற்காக, எனக்காகவே வந்த கோபம் அது.

"ஆமாம்மா" என்றேன். "அது நான்தான்."

அவள் தலையை ஆட்டினாள். அவள் என்னைத் தேற்றவில்லை. கத்தியை எடுத்து மிச்சத்தை நறுக்க ஆரம்பித்தாள்.